யானைக்கொட்டில் சூத்திரம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஆனாலும் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தான். அமாவாசைதோறும் நூறு வீட்டு எண்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சிலம்பாயி என்ற பூக்காரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வந்த எண் யார் வீடோ, அந்த வீட்டுக்கு அரண்மனைக் கறவைப் பசு.

அமைச்சர் மதிவாணராயர் மூன்று வருஷமாக வந்த எண்களைக் கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். ஒருநாள், "சூத்திரத்தைப் பிடித்துவிட்டேன் மன்னா! அடுத்தது நாற்பத்தெட்டு!" என்றார். நாற்பத்தெட்டு யார் வீடு? அவர் வீடுதான், வேறென்ன! வந்ததோ பதினேழு. சபையே சிரித்தது.

ராயர் முகம் கறுத்தது. "என் சூத்திரம் பொய்க்காது. பொய்த்தது இவள் கை. ஏதோ களவு செய்திருக்கிறாள்!"

எண் தப்பினால் சூத்திரம்தான் தப்பு என்று எந்த மடையனுக்கும் தோன்றும். ராஜாவுக்குத் தோன்றவில்லை. "குற்றமில்லை என்று ஐந்து நாளில் காட்டு. இல்லாவிட்டால் அந்தக் கையை வெட்டிவிடுவோம்" என்றான்.

யானைக்கொட்டிலை ஒட்டிய சிறையில் அவளை அடைத்தார்கள். சிலம்பாயி தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்யாததைச் செய்யவில்லை என்று எதைக்கொண்டு காட்டுவது? சோறு இறங்கவில்லை. சுவருக்கு அப்பால் தொப், தொப் என்று ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. பைத்தியம் பிடிக்காமலிருக்க அதை நாள்தோறும் எண்ணிக் கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.

ஆறாம் நாள் அவளைச் சபையில் நிறுத்தினார்கள். "மன்னா, ஐந்து எண் சொல்கிறேன். பதினான்கு, பதினேழு, பதின்மூன்று, பதினாறு, பதினொன்று. அமைச்சர் இதில் சூத்திரம் காணட்டும்."

ராயர் துள்ளினார். "மூன்று ஏற்றம், நான்கு இறக்கம்! மறுபடி மூன்று ஏற்றம்! கடைசியில் ஐந்து இறங்கியது ஏன்? சனி பகவான் குறுக்கே வந்துவிட்டார்! இது தெய்வ எழுத்து!"

சிலம்பாயி சபை ஓரத்தில் நின்றவனிடம் திரும்பினாள். "பாகரே, இது என்னவென்று சொல்லுங்கள்."

யானைப்பாகன் மாறப்பன் தலையைச் சொறிந்தான். "மகாராஜா, நம்ம பட்டத்து யானை இந்த அஞ்சு நாளும் போட்ட லத்தி உருண்டைங்க. அள்ளினவன் நான்தானே, சரியாத்தான் இருக்கு."

சபை குலுங்கியது. ராயர் அசரவில்லை. "யானையும் கிரகத்துக்குக் கட்டுப்பட்டதுதான்! இன்றைக்குப் பதினான்கு போடும், பாருங்கள்!"

ராஜா ஆவலாக முன்னால் சாய்ந்தான். சிலம்பாயிக்குப் பகீரென்றது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தாலும் பாயுமே! நிஜமாகவே பதினான்கு விழுந்துவிட்டால்?

"சரி மன்னா. ஆனால் இவர் சூத்திரத்துக்கு இதுவரை என் கைதானே பணயம்? இன்றைக்கு அவர் கை இருக்கட்டும்."

"நியாயம்தான்" என்றான் ராஜா.

வெளியே கொட்டிலில் தொப் என்றது.

"ஒண்ணு" என்றான் மாறப்பன்.

ராயரின் வலக்கை மெல்ல அங்கவஸ்திரத்துக்குள் போனது.

தொப். "ரெண்டு."

"மன்னா! சூத்திரத்தை... இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது!"

"ஓஹோ! அவள் கையை வெட்டத் திருத்தம் வேண்டாம், உம் கைக்கு மட்டும் வேண்டுமோ? அடுத்த அமாவாசைவரை அந்தக் கையாலேயே லத்தி அள்ளும்!" ராஜா பூக்காரியிடம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா."

"இனி ஒருத்தர்மேல் பழி சொல்கிறவர் தன் கையையும் பணயம் வைத்துவிட்டுச் சொல்லட்டும் மன்னா."

அப்படியே சட்டமானது.

அடுத்த அமாவாசைக்குக் குடத்திலிருந்து வந்த எண் நாற்பத்தெட்டு! கூடையும் கையுமாகக் கொட்டிலில் நின்ற ராயர், "சூத்..." என்று ஆரம்பித்தவர், தன் வலக்கையைப் பார்த்துவிட்டுக் குனிந்து அடுத்த லத்தியை அள்ளினார்.