வெள்ளை நிறத்தில் ஒரு சிம்மாசனம்

நிலம் அடிக்கடி நடுங்கும் நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதன் அரசனுக்கு ஒருநாள், எங்கே எவ்வளவு நடுங்கும் என்பதைப் படமாகப் பார்க்கும் ஆசை வந்தது. விகடகவி சாத்தனை அனுப்பினான்.

சாத்தன் ஊர் ஊராகப் போனான். கடைசி நடுக்கத்தில் கிணறுகள் என்ன ஆயின என்று விசாரித்தான். நீர் தெளிவாகவே இருந்த ஊருக்கு வெள்ளை, கலங்கிய ஊருக்கு மஞ்சள், சேறு பொங்கிய ஊருக்குச் சிவப்பு பூசினான்.

சபையில் படம் விரிந்தது. அரண்மனையும் அதையொட்டி மண் கொட்டித் தூர்த்த ஏரியும் சிவப்பு.

ஏரியைத் தூர்த்தவர் அமைச்சர் விழுப்பரையர். அடுத்த மாதம் அங்கே நெசவாளர்களைக் குடியேற்றப்போகிறவரும் அவரே. சாத்தனை எப்போது தொலைக்கலாம் என்று காத்திருந்தவர்.

"அரசர் வீட்டுக்கே அபாய நிறமா? இது ராஜ நிந்தனை" என்றார்.

அரசனுக்கு முகம் சிவந்தது. "சாத்தா, நாளை பொழுது சாய்வதற்குள் என் சிம்மாசனம் வெள்ளையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் தலை இருக்காது."

"உத்தரவு, மன்னா."

மறுநாள் மாலை சபையில் சிம்மாசனத்தைக் காணோம். ஊருக்கு வெளியே பாறைக்குன்றின் உச்சியில் இருப்பதாகச் செய்தி வந்தது. அரசாணை என்று சொல்லி யானைமேல் ஏற்றிப் போயிருந்தான் சாத்தன்.

அரசனும் அமைச்சரும் மூச்சு வாங்க ஏறினார்கள்.

"படத்தில் சிவப்பு அப்படியே இருக்கிறதே" என்றார் அமைச்சர்.

"படத்தை மாற்றச் சொல்லவில்லை அரசர். சிம்மாசனம் வெள்ளையில் இருக்க வேண்டும் என்றார். இருக்கிறது. இந்தக் குன்று முழுப் பாறை, படத்தில் வெள்ளை."

"கொஞ்சம் சுண்ணாம்பு பூசினால் முடிந்திருக்குமே" என்றான் அரசன்.

"படம் வெளுக்கும், மன்னா. நிலம் வெளுக்காது. படத்தை நம்பி நெசவாளர்கள் பிள்ளைகளோடு ஏரி நிலத்தில் வந்து படுப்பார்கள். அந்தச் சுண்ணாம்பை நான் பூசமாட்டேன். தலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்."

"கோமாளியின் பிதற்றல்" என்றார் அமைச்சர். "ஏரி நிலம் கல் போல இறுகிவிட்டது."

"அப்படியானால் முதல் வீடு ஐயாவுடையதாக இருக்கட்டும். நெசவாளர்கள் பிறகு வரட்டும்."

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "ஏரிக்காற்று என் வீட்டாருக்கு ஆகாது."

"ஏரியைத்தான் தூர்த்துவிட்டீர்களே, ஐயா."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். கிரீடம் நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டான். முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டான்.

"சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும். நெசவாளர்களுக்கு இந்தக் குன்றின் அடிவாரம். ஏரியைத் திரும்பத் தோண்டுங்கள்."

"உத்தரவு" என்றான் சாத்தன். "சிம்மாசனத்தைக் கீழே இறக்க வேண்டுமே, மன்னா. யானை போய்விட்டது."

அரசன் அமைச்சரைப் பார்த்தான்.