மன்னனின் காயாத பட்டு

பூங்கரை நாட்டு மன்னன் உத்தமசிங்கன் கட்டிய பட்டு ஆறு மாதமாகக் காயவில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது மொறமொறப்பாகத்தான் இருக்கும். இடுப்பில் சுற்றினால் போதும், சொட்டச் சொட்ட நனைந்துவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். வெயில்தான் களைத்தது.

காரணம் ஊருக்கே தெரியும். மன்னனின் மோதிரம் ஒருநாள் காணாமல் போனது. அரண்மனைத் துணி வெளுக்கும் அய்யாவுதான் திருடினான் என்று அவன் தலையை வாங்கினான் மன்னன். மறுநாளே மோதிரம் மன்னனின் இடைக்கச்சை மடிப்பில் கிடைத்தது. அய்யாவுவின் மனைவி பேச்சாயி அரண்மனை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "என் புருசன் வெளுத்த துணி உன் உடம்புல காயவே கூடாது!" பலித்துவிட்டது.

அவையில் மட்டும் இது யாருக்கும் தெரியாது. அதாவது, தெரியாது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். "மன்னரின் கருணை ததும்பி வழிகிறது" என்று பாடிய புலவருக்குப் பொற்கிழி கிடைத்தது. மன்னன் தும்மினான்.

அமைச்சர் மழவராயர் ஒரு வழி சொன்னார். அவைக் கோமாளி திருமேனியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"சாபத்தை யாருக்காவது தாரை வார்த்துக் கொடுத்துவிடலாம், மன்னா. வாங்குகிறவன் ஆயுசுக்கும் நனையட்டும். நம் திருமேனி சும்மாதானே இருக்கிறார்!"

"கையை நீட்டு. இல்லையென்றால் கழுத்தை நீட்டு" என்றான் மன்னன்.

திருமேனிக்கு இளைப்பு நோய். ஈரத்துணியோடு ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். கையை நீட்டினான். மன்னன் தாரை வார்க்க நீர்ச்செம்பைச் சரிக்கும்போது சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"முறைப்படி கொடுங்கள், மன்னா. காணி நிலம் கொடுத்தாலும், 'இது என்னுடையது, இன்ன வழியில் எனக்கு வந்தது' என்று அவையறியச் சொல்லித்தானே நீர் வார்க்கிறோம்?"

மழவராயரும் தலையாட்ட வேண்டியதாயிற்று. முறை அதுதான்.

மன்னன் கனைத்தான். "யாரோ செய்த பிழையால் வந்த இந்தச் சாபத்தை..."

"யாரோ ஒருவருடையதை நீங்கள் எப்படித் தானம் கொடுப்பீர்கள்?"

"மழவராயர் செய்த பிழையால்..."

"ஐயையோ!" என்று அலறினார் மழவராயர். "என்னுடையதென்றால் என் வேட்டியல்லவா நனைந்திருக்கும்?"

மன்னன் அவையைப் பார்த்தான். அவை தூண்களைப் பார்த்தது. அவன் காலடியில் தண்ணீர் குளம் கட்டியது.

"என்னுடையதுதான்!" என்று கத்தினான். "மோதிரம் என் இடுப்பில்தான் இருந்தது. அய்யாவு திருடவில்லை. ஒரு பாவமும் அறியாதவனைக் கொன்றேன். போதுமா?" கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

செம்பைச் சரித்தான். திருமேனியின் உள்ளங்கையில் நீர் விழுந்தது. எல்லோரும் அவன் வேட்டியையே பார்த்தார்கள். அது நனையவில்லை. மன்னன் தன் பட்டைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது!

"சாபம் எங்கே போயிற்று?"

"நான் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன், மன்னா. பிழை உங்களுடையது என்று நீங்கள் ஒப்புக்கொண்டதும், கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை."

மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டான்.

"மருந்து இவ்வளவுதானா? ஆறு மாதம் தும்மினேனே! உண்மையை என் முகத்துக்கு நேரே சொல்ல இந்த நாட்டில் ஒருவன்கூடவா இல்லை?"

"ஒருவன் இருந்தான், மன்னா. 'உங்கள் இடைக்கச்சையில் தேடிப் பாருங்கள்' என்று அழுதுகொண்டே சொன்னான். அவன் தலையைத்தான் வாங்கிவிட்டீர்களே."