பாதி மலை

மெய்யம்மையின் மடம் மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே பாடம் கேட்க வந்தவர்களில் கோவர்த்தனன்தான் வயதில் மூத்தவர். குருவைவிடவும் மூத்தவர். ஆனாலும் மற்றவர்களைப் போல அவரும் குருவை அம்மா என்றே அழைத்தார்.

மார்கழி பிறந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

"என்னங்கய்யா?" என்றார் மெய்யம்மை.

"ஒரு வருத்தம்மா. வருஷங்கள் போகுது, அது மட்டும் போகல. எப்படி இறக்கி வைக்கிறதுன்னு தெரியல."

"சொல்லுங்க."

கோவர்த்தனன் சன்னல் வழியே மலையைப் பார்த்தார். பெரிய மலை இல்லை. உச்சியில் கோயில் கிடையாது, சுனை கிடையாது. அதனால் யாரும் ஏறுவதில்லை.

"வேலையில இருந்த காலத்துல மார்கழி வந்தா நான் தனியா இந்த மலை ஏறுவேன். ஒரு நாளாவது பேச்சுச் சத்தம் இல்லாம இருக்கணும் எனக்கு. ஒரு வருஷம் என் சம்சாரம் சௌந்தரம், நானும் வரேன்னா. நீ வந்தா மெதுவாத்தான் போகணும்னு சொன்னேன். பரவாயில்ல, கூட்டிட்டுப் போங்கன்னா."

"கூட்டிட்டுப் போனீங்களா?"

"போனேன். ஆனா நான் முன்னால நடந்துக்கிட்டே இருந்தேன். பாதி மலையில ஒரு தட்டைப்பாறை இருக்கு. அதுக்கு மேல அவளால முடியல. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்னா. சரின்னு போயிட்டேன்."

மெய்யம்மை அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"உச்சியில இதமான வெயில். படுத்துத் தூங்கியும் போயிட்டேன். இறங்கி வந்தப்ப மத்தியானம் தாண்டிருச்சு. அதே இடத்துல உட்கார்ந்திருந்தா. மேல என்ன இருந்துச்சுன்னு ஆசையா கேட்டா. ஒண்ணுமில்ல, காத்துதான்னு சொன்னேன். விவரமா சொல்ல அலுப்பு. அதுக்கப்புறம் அவ மலையைப் பத்திக் கேட்டதே இல்ல. அடுத்த மார்கழிக்கு அவளும் இல்ல."

"பிறகு நீங்க ஏறினீங்களா?"

"இல்லம்மா."

"நாளைக்கு ஏறிட்டு வாங்க. தனியாவே போங்க."

"உச்சிக்கா?"

"எது வரைக்கும் போகணும்னு தோணுதோ அது வரைக்கும்."

மறுநாள் விடிந்ததும் கோவர்த்தனன் கிளம்பினார். பாதை இன்னும் அழியாமல் இருந்தது. இரண்டு பக்கமும் புல் பனியில் நனைந்து கிடந்தது. வேட்டியின் விளிம்பு ஈரமாகிக் கணுக்காலில் ஒட்டியது. நெல்லி மரங்கள் தாண்டியதும் மூடுபனி தொடங்கியது. தன் செருப்புச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் இதற்காகத்தான் அவர் வருடம் முழுக்கக் காத்திருந்தார்.

தட்டைப்பாறை வந்தது. முதலில் அதைத் தாண்டி நடந்தார். பிறகு திரும்பி வந்து அதன் மேல் உட்கார்ந்தார்.

பாறை சில்லென்றிருந்தது. துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார். அப்படியும் குளிர் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மூடுபனி விலகியது. உச்சியில் வெயில் விழுவது தெரிந்தது. பாறை மேல் விழவில்லை. கிழக்கே நீண்டு கிடந்த மலை முதுகு வெயிலை மறைத்தது. அவர் காத்திருந்தார். பாதங்கள் மரத்துப்போயின. சௌந்தரத்தின் புடவைத் தலைப்பை அன்று நிற்கவே விட்டிருக்காது என்று தோன்றும்படி காற்று வீசியது. அந்த இடத்துக்கு வெயில் வரும்போது ஏறக்குறைய உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

அங்கிருந்து மேலே போகும் பாதை முழுவதும் தெரிந்தது. மரம் இல்லாத சரிவு. ஏறிப் போகிறவரின் முதுகு கடைசி வரைக்கும் கண்ணில் படும்.

அவர் உச்சிக்குப் போகவில்லை.

மாலையில் மடத்துக்கு வந்து மெய்யம்மையின் முன்னால் நின்றார்.

"அங்க மத்தியானம் வரைக்கும் வெயிலே வரலம்மா," என்றார். "நான் மேல வெயில்ல தூங்கியிருக்கேன். அவ நிழல்ல குளிர்ல உட்கார்ந்திருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லல."

"ம்."

"நான் ஏறினது பூரா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல."

"வருத்தம் இறங்கிச்சா?"

"கூடிருச்சும்மா."

மெய்யம்மை எழுந்து போய் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார்.

காலையில் இருவரும் கிளம்பினார்கள். முதலில் சேர்ந்துதான் நடந்தார்கள். கோவர்த்தனனின் கால்களுக்குப் பழைய வேகம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம் இல்லாததைக் கவனித்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

வெகு கீழே மெய்யம்மை ஒரு கையை முழங்காலில் ஊன்றியபடி ஏறிக்கொண்டிருந்தார். மூடுபனிக்குள் மறைவதும் தெரிவதுமாக வந்தார். அவசரப்படவில்லை. கூப்பிடவும் இல்லை.

கோவர்த்தனன் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் பார்வை மங்கியது. குரு அருகில் வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நின்னு என்னம்மா பிரயோஜனம்? நிக்க வேண்டியவளுக்காக நான் நிக்கலையே."

மெய்யம்மை கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மூச்சு வாங்குதுங்கய்யா," என்றார். "கொஞ்சம் உட்கார்ந்து போகலாமா?"