உப்பு மூட்டையில் மக்கல் வாடை

தூத்துக்குடி ஏற்றுமதிச் சரக்குக் கிட்டங்கியிலே தர அதிகாரி சபாநாயகம் வைத்ததுதான் சட்டம். குத்தூசியை மூட்டைக்குள் சொருகி உருவுவார், கண்ணை மூடி அதன் முனையை முகர்ந்து பார்ப்பார். "மக்கல் வாடை! இலங்கைக்குப் போகாது. மறுபடி காயப்போடு!"

சாக்கு தைக்கும் மாடத்திக்கு எரிச்சலான எரிச்சல். விளாத்திகுளத்து மிளகாய் வத்தலை மூன்று முறை பிரித்துக் காயப்போட்டு, மூன்று முறை தைத்தாகிவிட்டது. கையெல்லாம் காந்தல். கப்பலோ நாளைக்கு.

அன்றைக்கும் அதிகாரி, பூசணம் பிடித்த நிலக்கடலை மூட்டையில் குத்திய கையோடு, அதே குத்தூசியுடன் வத்தலுக்கு வந்தார். மாடத்தி முதல் மூட்டையைக் காட்டினாள். குத்தினார், முகர்ந்தார்.

"மக்கல்! அப்பட்டமான மக்கல்! என் மூக்கு பொய் சொல்லாது."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். கிட்டங்கியே பார்த்திருக்க, மாடத்தி மூட்டையின் தையலைச் சரக்கென்று பிரித்தாள். பொலபொலவென்று கொட்டியது வெள்ளை வெளேரென்ற கல்லுப்பு.

"உப்பு எந்த ஊர்ல சார் மக்கும்? வத்தலை நாங்க மூணு தடவை காயப்போட்டாச்சு. அந்தக் குத்தூசிய நீங்க ஒரு தடவையாவது கழுவுனீங்களா?"