ஈறு வலிக்காது

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் பந்தி போட்டால், உலகநாதனுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகவே கிடக்கும்.

முதலில் அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, அமைதி வேண்டும் என்று வந்தவர் அவர். மடத்தில் வயதிலும் மூத்தவர். மற்றவர்களைவிட அதிக நேரம் ஜபத்தில் உட்காருவார். விரதம் என்று பாதி நாள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எல்லோரும் கொஞ்சம் தள்ளித்தானே இருப்பார்கள் என்று நினைத்தார்.

ஒரு நாள் பாராயணத்தின்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர் சற்று நேரத்தில் ஓசைப்படாமல் எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். உலகநாதன் அதைப் பார்த்துவிட்டார். அது மரியாதை போலத் தெரியவில்லை.

தன் மனசில் அன்பு இல்லை, அதுதான் ஆட்களை விரட்டுகிறது என்று அவராகவே முடிவு கட்டினார். பேச்சைக் குறைத்தார். விரதத்தைக் கூட்டினார். ஓடைக்கு அப்பால் இருந்த தனிக்குடிலுக்கு மாறிக்கொண்டார். காலையில் கதவைத் திறந்தால் பனி. மாலையில் மூடினால் இருட்டு. நடுவில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. போதாக்குறைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது.

தாங்க முடியாமல் குருவிடம் போனார். குரு மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, என் பக்கத்துல யாரும் வர்றதில்ல. என் மனசுல என்ன அழுக்கு இருக்குன்னு தெரியல.”

அம்மை கையைத் துடைத்துக்கொண்டார்.

“மனச அப்புறம் பார்ப்போம். வெளிச்சத்துக்கு வந்து வாயைத் திறங்க.”

உலகநாதனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் திறந்தார். அம்மை முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, விலக்காமல், பொறுமையாகப் பார்த்தார். இவ்வளவு அருகில் ஒரு மனித முகத்தைக் கண்டு எத்தனையோ காலமாகிவிட்டது. உலகநாதனின் கண் கலங்கியது. பல்வலியால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

“செருப்பைப் போடுங்க,” என்றார் அம்மை.

இருவரும் பஸ் பிடித்து அடிவாரத்து ஊருக்குப் போனார்கள். பல் டாக்டர் ரஹ்மத்துல்லா வலிக்கிற பல்லைத் தட்டிப் பார்த்தார். தனக்கு வாழ்நாளில் சொத்தையே வந்ததில்லை என்று உலகநாதன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டார். கம்பி ஆழமாக இறங்கியது. ரத்தம் கசிந்தது.

பல்லின் மேல்பாகம் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். பல்லில் படிகிற அழுக்கு முதலில் ஈறைக் கெடுத்திருக்கிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்துவிட்டது. வேருக்கு மேல்பாகத்தைப் போல உறுதி கிடையாது. அதே அழுக்கு அங்கே சொத்தையையும் உண்டாக்கிவிட்டது. வாய் எப்போதும் உலர்ந்தே கிடந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இந்த ஒரு பல்லை எடுத்துவிட வேண்டியதுதான். மற்றதையெல்லாம் சுத்தம் செய்து காப்பாற்றலாம்.

“ஈறு ஒரு நாளும் வலிக்கலையே டாக்டர்.”

“சொத்தை முத்துனா வலிச்சுக் காட்டிக்கொடுக்கும். ஈறு பெரும்பாலும் வலிக்காது, சார். ரத்தம் வரும், வாடை வரும். வாடை நமக்குத் தெரியாது. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். வீட்டுல யாரும் சொல்லலையா?”

உலகநாதன் அம்மையைப் பார்த்தார். அம்மை பார்வையைத் திருப்பவில்லை. பந்தியில் கிடந்த காலி இலைகள் எதற்கென்று அவருக்குப் புரிந்தது.

பல்லைப் பிடுங்கியபின், பஞ்சைக் கடித்தபடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்றதும் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். குழாயடியில நீங்க ரத்தம் துப்பினப்போ டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். உடம்பு கழட்டிப் போடற சட்டைதானேன்னு சொன்னீங்க.”

சொன்னது உண்மைதான். அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த சில வாரங்கள் டாக்டரிடம் போய் வந்தார். ஈறில் ரத்தம் நின்றது. விரத நாளிலும் தண்ணீர் குடித்தார். பந்தியில் பக்கத்து இலைக்கு ஆள் வந்தது. சாம்பாரில் உப்பு பற்றாது என்றுகூட ஒருவர் அவரிடம் பேசினார். உலகநாதன் சிரித்தார், சாப்பிட்டார், குடிலுக்குத் திரும்பினார். கதவை மூடியதும் முன்பிருந்த அதே வெறுமைதான் இருந்தது.

மறுநாள் அம்மையிடம் போய் உட்கார்ந்தார். தன் மனைவி கோமளவல்லியைப் பற்றிச் சொன்னார். காலையில் காப்பி கொடுக்கும்போதெல்லாம், வாய் வாடை அடிக்கிறது, போய்க் காட்டிவிட்டு வாங்க என்பாள். தொணதொணப்பு என்று அவருக்கு எரிச்சல் வரும். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். கடைசியில் அமைதி வேண்டும் என்று மலைக்குக் கிளம்பினார். சண்டை எதுவும் நடக்கவில்லை. வாசல்வரை வந்து, பல்லை மட்டும் பாருங்க என்றாள் அவள்.

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஜபம், விரதம்னு இனிமே நான் என்ன சாதனை பண்ணணும், அம்மா?”

“காலையிலயும் ராத்திரியும் ஒழுங்கா பல் தேய்ங்க. தேய்ச்சிட்டு, வாடை போயிடுச்சான்னு கேளுங்க.”

“யார்கிட்ட கேக்கறது?”

“இதுவரைக்கும் நீங்க கேக்காமலே யார் சொன்னாங்க?”