எங்கேயும் நிற்காத புரோகிராம்

“மேடம், இந்தப் பயம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார் மரியசூசை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நிலோஃபருக்கு முப்பத்து நான்கு. அந்த அலுவலகத்தில் நிலோஃபரிடம்தான் எல்லோரும் வேலை கற்றார்கள்.

“எதைப் பார்த்துப் பயம், சார்?”

“ரிலீஸ் பட்டனைப் பார்த்துத்தான். ரெண்டு நாளா சோறு இறங்கல.”

பத்தொன்பது மருத்துவமனைகள் அதுவரை ரத்தம் வேண்டுமென்றால் தொலைபேசியில் கேட்டன. அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தப் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டரில் கேட்கத் தொடங்கும். யாருடைய கோரிக்கை எந்த ரத்த வங்கிக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல, மருத்துவமனைக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல். அவற்றை யாரும் கையால் எழுதுவதில்லை. மருத்துவமனைகள் அனுப்பிய விவரங்களைக் கொண்டு ஃபைல்களை உருவாக்க மரியசூசை ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்.

“புரோகிராம் எப்படி இருக்கு?”

“அதுல ஒரு குறையும் இல்ல. பத்தொன்பது ஃபைல், நாற்பது செகண்ட். எங்கேயும் நிற்காது.”

“விவரம் விட்டுப்போயிருந்தா?”

“டீஃபால்ட் வெச்சிருக்கேன் மேடம். காலியான இடத்துல அதுவே ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போயிடும்.”

“எங்கேயும் நிற்காதா?”

“நிற்கவே நிற்காது.”

“அப்ப எனக்கும் பயமா இருக்கு” என்றார் நிலோஃபர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு மரியசூசையின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டீஃபால்ட் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார்.

“ஐயையோ, என்ன பண்றீங்க! மணி நாலு!”

“ஓட்டுங்க சார்.”

ஓட்டினார்.

மூன்று ஃபைல்கள் வந்தன. நான்காவதில் நின்றது. திரையில் சிவப்பாக ஒரு வரி. ரத்த வங்கி எது என்ற விவரம் இல்லை.

“காலையில ஓட்டினப்ப இந்த இடத்துல என்ன போட்டுச்சு?”

மரியசூசை காலையில் உருவாக்கிய ஃபைலைத் திறந்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

“டெஸ்ட் சர்வர்.”

“ரத்தம் வேணும்னு கேட்டா அது என்ன சொல்லும்?”

“‘பெற்றுக்கொண்டோம்’னு சொல்லும்.”

“யார் சொல்றது?”

“யாரும் இல்ல மேடம். சோதிச்சுப் பார்க்க நான் எழுதி வெச்ச வரி அது.”

மரியசூசை நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தார்.

ஒரு நர்ஸ் எடுத்தார். “அதை எழுதலையா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டிருப்போம்” என்று சிரித்தார். வங்கியின் பெயரைச் சொன்னார்.

பதினோராவதில் மறுபடி நின்றது. ஒரு வங்கி பதில் தராவிட்டால், எத்தனை நிமிடம் கழித்து அடுத்த வங்கியைக் கேட்பது? அந்த இடம் காலி. காலையில் புரோகிராம் அங்கே முப்பது என்று போட்டிருந்தது.

“முப்பது நிமிஷமா?” என்றார் டாக்டர், போனில். “பிரசவ வார்டு வெச்சிருக்கோம் சார் நாங்க. மூணு போடுங்க.”

மரியசூசை மூன்று என்று அடித்தார். இரண்டு தடவை தப்பாக விழுந்து திருத்தினார்.

பதினாறாவதில் நின்றபோது மணி நாலு ஐம்பது. அங்கேயும் வங்கியின் பெயர் இல்லை. அந்த மருத்துவமனையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மேலாளர் தணிகைவேல் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “என்ன சூசை, நல்ல நேரம் பார்க்கறீங்களா?”

“ஒரு ஆஸ்பத்திரி விவரம் வரல சார்.”

“பக்கத்து ஊர் வங்கியைப் போட்டு விடுங்கய்யா. அப்புறம் மாத்திக்கலாம்.”

மரியசூசை நிலோஃபரைப் பார்த்தார். நிலோஃபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினெட்டுதான் சார் போகும்” என்றார் மரியசூசை.

“பத்தொன்பதுன்னு எல்லாருக்கும் லெட்டர் போயாச்சு! உங்களாலதான் நின்னுச்சுன்னு மேல எழுதுவேன்.”

“எழுதுங்க சார். அந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் டெலிபோன்ல கேக்கறதை நிறுத்த வேண்டாம்னும் சேர்த்து எழுதுங்க. அவங்க ரத்தம் கேட்டா யாருக்குப் போய்ச் சேரும்னு எனக்குத் தெரியல.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அந்த அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் எந்த ஃபைலும் வெளியே போகாது. அனுமதி தரக்கூடியவர்களின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. நிலோஃபர் அந்தப் பட்டியலைத் திறந்தார். தன் பெயருக்குக் கீழே மரியசூசை என்று அடித்தார்.

“வேண்டாம் மேடம். என் கையைப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு.”

“பார்த்துட்டுத்தான் சார் போட்டேன்.”