அடி உருண்டையின் தலைச்சுமை

காட்டுக் குளத்தங்கரையில் கரையான்கள் மண் உருண்டைகளை அடுக்கிப் புற்று கட்டிக்கொண்டிருந்தன. மழைக்கு இன்னும் பத்தே நாள். குளம் தளும்புவதற்குள் முட்டைகளை மேலறைக்கு ஏற்றியாக வேண்டும்.

கட்டுமானத்துக்கு மேஸ்திரி கூரன். உச்சியில் நின்றே வேலை வாங்குவான். புற்று பனைமரம் போல ஒரே பருமனில் நெட்டாக எழ வேண்டும் என்பது அவன் ஆசை. அப்படியே எழுந்தது. மூன்று முழம் தாண்டியதும் அடியில் விரிசல் கண்டது.

ஒல்லியாகக் கட்டியதுதான் தப்பு என்று கூரன் நினைத்தான். அடி முதல் நுனி வரை இரு மடங்கு தடிமனாக்கச் சொன்னான். நாலு நாள் எல்லோரும் தூக்கம் மறந்து உழைத்தார்கள். தடித்த சுவர் அதே உயரம் வந்ததும் அதே இடத்தில் மறுபடியும் விரிசல்!

கூரனுக்குக் கைகால் ஓடவில்லை. மண் குழைத்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினான். அடிவரிசையில் வேலை செய்த செவ்வி அவனைக் கீழே வந்து பார்க்கச் சொன்னாள். வேண்டாவெறுப்பாக இறங்கி வந்தான். அவள் சொன்னபடி சுவரில் காது வைத்தான். உள்ளே மண் நெரிபடும் சத்தம் கேட்டது.

"மேஸ்திரி, அடியில் இருக்கும் இந்த ஓர் உருண்டையின் தலையில் எத்தனை உருண்டை இருக்கிறது?"

"முந்நூறு."

"தடிமனாக்குவதற்கு முன்னால்?"

கூரன் யோசித்தான். "அப்போதும் முந்நூறுதான்."

"பக்கத்தில் இன்னொருத்தனை நிறுத்தினீர்கள். அவன் தலையிலும் முந்நூறை ஏற்றினீர்கள். இவன் சுமை எங்கே குறைந்தது?"

கூரன் உச்சிக்கு ஏறினான். தான் ஆசை ஆசையாக இழைத்த சுவரைத் தானே முதலில் கடித்துப் பெயர்த்தான். நெஞ்சு வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மேலே மெலிந்தது; அந்த மண்ணெல்லாம் கீழே போய் அடி அகன்றது. தான் ஏசியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து மண் சுமந்தான்.

பத்தாம் நாள் மழை கொட்டியது. குளம் கரை தாண்டி, புற்றின் காலைச் சுற்றிக்கொண்டது. புற்று அசையவில்லை. மேலறையில் முட்டைகள் ஒன்றொன்றாகப் பொரிந்தன.

உயர நினைப்பவன், தன் பாரத்தைத் தாங்குகிறவனின் வலியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.